ஹோர்மோன் லூப்: வேன் திரும்பிப் போன பிறகு யாரைக் கேட்பது?

இம்முறை பெண்கள் நலப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: நடமாடும் கிளினிக்கில் போடப்படும் ஹோர்மோன் லூப் என்ற கருத்தடைச் சாதனம். போட்டுக்கொள்ள நினைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், அதைப் போட்டுவிடப் போகிற சுகாதார உத்தியோகத்தர்களும் எழுதியிருக்கிறார்கள். பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம். பெயர்களை எடுத்துவிட்டு ஊர்களை மட்டும் வைத்திருக்கிறோம்.

வாசகி, கொக்கட்டிச்சோலை: லூப் போட்ட ஆக்கள் எங்கட ஊரில கனபேர். இப்ப வரப்போற நடமாடும் கிளினிக்கில ஹோர்மோன் லூப் எண்டு ஒண்டு போடுவாங்களாம். இது வேற சாமானா, பேர் மட்டும்தான் வேறயா?

பதில்: உருவம் ஒன்று, வேலை வேறு. இரண்டும் 'டி' எழுத்தைப் போன்ற சிறிய பிளாஸ்டிக் சட்டங்கள்தான். கருப்பைக்குள் இருக்கும், அடியில் நூல் தொங்கும். நீங்கள் அறிந்த பழைய லூப்பில் சட்டத்தைச் சுற்றிச் செப்புக் கம்பி இருக்கிறது. அந்தச் செப்பு விந்தணுக்களை முடக்கிவிடுகிறது. அதில் ஹோர்மோன் எதுவும் கிடையாது. புதியதில் செப்புக்குப் பதிலாகத் தண்டைச் சுற்றி ஒரு சிறு உறை, அதற்குள் 52 மில்லிகிராம் லெவோனோஜெஸ்ட்ரல். ஆரம்பத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் வீதம் கசியும், ஐந்தாம் ஆண்டளவில் அது ஏறத்தாழப் பாதியாகிவிடும். வழக்கமான கருத்தடை மாத்திரை பலவற்றில் இதே மருந்து ஒரு மாத்திரைக்கு 150 மைக்ரோகிராம் இருக்கிறது என்பதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்கிறது: கருப்பைக் கழுத்தின் சளியைத் தடிப்பாக்கி விந்தணுவை மறிக்கிறது, உட்சுவரை மெல்லியதாக வைத்திருக்கிறது.

முதலாம் ஆண்டில் இதைப் போட்ட 1000 பெண்களில் இரண்டு பேரளவில்தான் கர்ப்பமாவார்கள். செப்பு லூப்பில் அது எட்டுப் பேரளவு. செப்பு லூப் 10 ஆண்டு வரை வைத்திருக்கக்கூடியது. ஹோர்மோன் லூப்பின் காலம் தயாரிப்பைப் பொறுத்து 5 முதல் 8 ஆண்டு வரை மாறும், ஆகவே உங்கள் அட்டையில் எழுதித் தரும் ஆண்டையே கணக்கில் எடுங்கள்.

புதுச் சாமான் என்று பயப்படத் தேவையில்லை. பின்லாந்தில் 1990 இலேயே விற்பனைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் போன்ற நாடுகளின் கிராமங்களுக்கு வர இவ்வளவு காலம் எடுத்ததற்கு முக்கிய காரணம் அதன் விலை.

வாசகி, வெல்லாவெளி: இதைப் போட்டா மாதச்சுகயீனம் நிண்டு போகுமாம். அந்தக் கெட்ட ரெத்தமெல்லாம் உள்ளுக்கே தங்கி மறுகா கட்டியாகாதா?

பதில்: ஆகாது. ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உட்சுவர் தடித்து, கரு தங்காவிட்டால் உரிந்து இரத்தத்தோடு வெளியே வருகிறது. ஹோர்மோன் லூப் அந்தச் சுவரைத் தடிக்கவே விடுவதில்லை. வெள்ளாமை வைக்காத வயலில் வெட்டக் கதிர் இராது. அதுபோல, உருவாகாத இரத்தம் உள்ளே தேங்கவும் வழியில்லை. டெப்போ என்ற கருத்தடை ஊசி போட்டவர்கள் சிலருக்குச் சுகயீனம் வராமல் போவதும் இப்படித்தான். ஒரு வித்தியாசம்: ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பப் பல மாதம் பிடிக்கலாம். லூப்பை எடுத்தால் அந்தத் தாமதம் இல்லை.

நின்றுபோவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் வருகிற மூன்று மாதத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் பெண்கள் திரும்பி வந்து "எடுத்துவிடுங்கள்" என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். முதல் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரை, துளித்துளியாகக் கறை படும். எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. பத்து நாள் தொடர்ந்தும் வரலாம், இடைவிட்டும் வரலாம். நாள் கூடும், அளவு குறையும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு படிப்படியாக அடங்கும். ஓராண்டு முடிவில் ஐந்தில் ஒருவருக்கு முற்றாக நின்றிருக்கும், மற்றவர்களுக்கு இலேசாக வரும்.

இந்தக் கறை தாங்க முடியாத தொந்தரவானால் கிளினிக்குக்குப் போங்கள். கர்ப்பமில்லை, கிருமித்தொற்று இல்லை, லூப் இடத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நாளுக்கு ஐபுப்ரோஃபன் போன்ற மாத்திரை தருவார்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா இருந்தால் முதலே சொல்லுங்கள். காய்ச்சலோடு இருக்கும்போது அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

வாசகி, ஏறாவூர்: தொழுகை, நோன்பு இதெல்லாம் என்ன செய்வது? எந்த நேரமும் கறை பட்டால் கஷ்டம்.

பதில்: எந்தக் கறை மாதவிடாயாகக் கொள்ளப்படும், எது கொள்ளப்படாது என்பது மார்க்கம் அறிந்தவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது. அதில் நாங்கள் தலையிடவில்லை. மருத்துவப் பக்கமாகச் சொல்லக்கூடியது காலக்கணக்கு மட்டும். கறை அதிகம் படுவது முதல் மூன்று மாதத்தில் என்பதால், ரமழானுக்கு நாலைந்து மாதம் முன்பே போட்டுக்கொண்டால் நோன்புக்காலம் பெரும்பாலும் அமைதியாகக் கழியும். நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வேன் வந்தால், இம்முறை ஆலோசனை மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த முறை வரை வேறு முறையைப் பாவியுங்கள். கண்ணகை அம்மன் கதவு திறக்கும் வைகாசிக் காலத்தை மனதில் வைத்து எழுதியிருக்கும் களுவாஞ்சிக்குடி வாசகிக்கும் இதே பதில்தான்: மாசியில் போட்டால் நல்லது, சித்திரையில் வேண்டாம்.

சுகாதார உத்தியோகத்தர் ஒருவர், மட்டக்களப்பு: எங்கள் குழு படுவான்கரைக் கிராமங்களில் நடமாடும் சேவை மூலம் ஹோர்மோன் லூப்பை அறிமுகப்படுத்தத் திட்டமிடுகிறது. செப்பு லூப் போட்ட அனுபவம் இருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் நாட்காட்டி. போட்ட பெண்ணை நாலு முதல் ஆறு கிழமைக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும், மூன்றாம் மாதத்தில் அவளுக்கு ஆலோசனை கிடைக்க வேண்டும். ஐப்பசியில் முதல் வருகையை வைத்தால் இரண்டாவது வருகை மார்கழி வெள்ளத்தில் போய் விழும். வீதி மூழ்கும், வாவியைக் கடக்கும் பாதைப் படகு ஓடாது, கறை படும் பெண் தனியே பயந்துகொண்டிருப்பாள். பெரும்போக வெட்டு முடிந்த பங்குனிக் கடைசியில் தொடங்குங்கள். அப்போது முதல் மூன்று மாதமும் வேன் போகக்கூடிய காலமாக அமையும். இரண்டாவது வருகைக்குத் திகதியும் எரிபொருளும் உறுதியாகாமல் முதல் வருகைக்குப் போக வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அடுத்தது இடம். முன்பள்ளிக் கட்டிடமோ பல்தேவைக் கட்டிடமோ கிடைக்கும். கதவு உள்ளே பூட்ட வேண்டும், யன்னல் மறைக்கப்பட வேண்டும், ஆலோசனை சொல்லும் இடத்துக்கும் வரிசைக்கும் நடுவே பேச்சுக் கேட்காத தூரம் இருக்க வேண்டும். இரண்டு பாடசாலை மேசைகளைச் சேர்த்துப் படுக்க வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சவுண்ட் (கருப்பையின் ஆழத்தை அளக்கும் கம்பி) உள்ளே இருக்கும்போது மேசை ஆடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மடிக்கக்கூடிய பரிசோதனைக் கட்டில், மின்சாரத்தை நம்பாமல் நெற்றியில் கட்டும் டோர்ச், கை கழுவத் தண்ணீர், போட்ட பின் அரை மணி நேரம் படுத்திருக்க இரண்டு இடம், இவை குறைந்தபட்சம்.

ஒரு நாளில் எத்தனை பேருக்குப் போடலாம் என்பதை உங்கள் உபகரணத் தொகுதிகளின் எண்ணிக்கை முடிவு செய்யட்டும். ஒரு தொகுதி என்றால் ஸ்பெக்குலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி), பஞ்சு பிடிக்கும் கிடுக்கி, டெனாகுலம் (கருப்பைக் கழுத்தைப் பிடிக்கும் கிடுக்கி), சவுண்ட், கத்தரி, கிருமிநாசினிக் கிண்ணம். பன்னிரண்டு தொகுதி இருந்தால் பத்துப் பேருக்கு. மீதி இரண்டு கீழே விழுந்தாலோ பொதி கிழிந்தாலோ எடுப்பதற்கு. சுற்றிய பொதிகளை ஓட்டோக்கிளேவில் 121 பாகையில் 30 நிமிடம் வைத்து எடுத்து, உலர்ந்த பிறகே பெட்டியில் அடுக்குங்கள். ஈரப் பொதியைச் சுத்தமான பொதியாகக் கணக்கெடுக்கக் கூடாது. வழியில் தொகுதி தீர்ந்தால் கொதிநீரில் 20 நிமிடம் என்பது கடைசி வழி. மூடி போட்டிருக்க வேண்டும், கொதி வந்த பிறகே நேரத்தை எண்ண வேண்டும், இடையில் ஒரு கிடுக்கியைப் போட்டால் மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். லூப் பெட்டிகளைப் பகல் முழுக்க வெயிலில் நிற்கும் வேனில் விடாதீர்கள். 30 பாகைக்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டியவை அவை, நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மூடிய வேன் அதை எளிதாகத் தாண்டும்.

ஆட்களைத் தெரிந்தெடுப்பதில்: கர்ப்பம், காரணம் தெரியாத இரத்தப்போக்கு, கருப்பைக் கழுத்தில் சீழ் அல்லது இடுப்பறைத் தொற்று, பிரசவத்துக்குப் பின்னான தொற்று, கருப்பை உட்குழியை உருமாற்றும் கட்டி, மார்பகப் புற்றுநோய் இப்போதோ முன்போ, கடுமையான ஈரல் நோய், இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்குப் போடக் கூடாது. பிரசவமானவர்களுக்கு நாலு கிழமை முடிந்திருந்தால் போடலாம். பாலூட்டலாம், பாலுக்குக் கெடுதி இல்லை. ஆனால் பாலூட்டும் காலத்தில் கருப்பை மென்மையாக இருப்பதால் துளைபடும் ஆபத்து கூடுதல். பொதுவாக அது ஆயிரத்தில் ஒன்றளவு. அந்த ஒன்று வேனில் நடப்பதற்கும் வைத்தியசாலையில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை மனதில் வையுங்கள். மாதச்சுகயீனம் தொடங்கி ஏழு நாளுக்குள் போட்டால் உடனே பாதுகாப்பு. அதற்குப் பின்னென்றால் கர்ப்பமில்லை என்று உறுதி செய்து, ஏழு நாளுக்கு ஆணுறையும் கொடுங்கள்.

இனிக் கை வேலை. செப்பு லூப் பழகிய கை தடுமாறுவது இங்கேதான். செப்பு லூப்பில் உள்ளே இருக்கும் கோலை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயைப் பின்னிழுப்பீர்கள். ஹோர்மோன் லூப்பில் பரவலாக உள்ள வகை ஒரு கையால் இயக்குவது, பிடியிலே ஒரு தள்ளுபொத்தான் இருக்கும். பொத்தானை முன்தள்ளினால் லூப் குழாய்க்குள் மடங்கிப் போகும். சவுண்ட் காட்டிய அளவுக்குக் குழாயில் உள்ள வளையத்தை நகர்த்தி, கருப்பைக் கழுத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் தூரத்தில் வளையம் நிற்கும்வரை உள்ளே கொண்டு போங்கள். அங்கே நிறுத்திப் பொத்தானை முதல் அடையாளம் வரை மட்டும் பின்னிழுங்கள். லூப்பின் கைகள் விரிய ஐந்து முதல் பத்து விநாடி பொறுங்கள். பிறகு வளையம் கழுத்தைத் தொடும்வரை மெதுவாகத் தள்ளி, பொத்தானை முழுவதும் பின்னிழுத்து விட்டுவிட்டு, குழாயை எடுங்கள். அந்தப் பத்து விநாடியைத் தாண்டிக் குதிப்பவர்களிடமும், விரிந்த பிறகு மேலே தள்ள மறப்பவர்களிடமும்தான் லூப் தாழ்வாக உட்கார்ந்து, சில கிழமையில் தானாக வெளியே வருகிறது. பொத்தானை அவசரத்தில் ஒரேயடியாக இழுத்துவிட்டால் லூப் கழுத்துக்குள்ளேயே கழன்றுவிடும். அதை அப்படியே விடாமல் எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும், ஒரு லூப் வீண். இரண்டு கையால் போடும் தயாரிப்புகளும் உண்டு. எந்த வகை வரப்போகிறதோ அதே வகையை பயிற்சிக்கான இடுப்பு மாதிரியில் வைத்துப் பழகிவிட்டு வாருங்கள்.

கருப்பை முன்சாய்ந்திருக்கிறதா பின்சாய்ந்திருக்கிறதா என்று இரு கையால் பரிசோதிக்காமல் சவுண்டைத் தொடாதீர்கள். துளைபடுவதற்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை. டெனாகுலத்தை மெதுவாக இழுத்துப் பிடித்தால் வளைவு நேராகும். சவுண்ட் 6 சென்ரிமீற்றருக்குக் குறைவாகக் காட்டினாலோ 10 ஐத் தாண்டினாலோ போடாமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். தடையே இல்லாமல் சவுண்ட் வழுக்கிப் போனால் வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்கள், படுக்க வைத்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே வைத்தியசாலைக்கு ஏற்றுங்கள். கருப்பைக் கழுத்தைப் பிடிக்கும்போது சிலருக்கு நாடி விழுந்து மயக்கம் வரும். காலை உயர்த்திப் படுக்க வைத்தால் பெரும்பாலும் போதும், இருந்தாலும் அத்ரோப்பின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆலோசனையில் ஒரே ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "மூன்று மாதம் துளித்துளியாக வந்தால் உங்கள் வீட்டில் என்ன பிரச்சினை வரும்?" கணவர் சந்தேகப்படுவார், கோயிலுக்குப் போக ஏலாது, வயலில் நிற்க ஏலாது என்று பதில் வரும். பதிலைக் கேட்ட பிறகு ஜடெல் (கைத்தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி), ஊசி, மாத்திரை, செப்பு லூப் எல்லாவற்றையும் மேசையில் வைத்துச் சொல்லுங்கள். நடமாடும் சேவைக்கு வந்தவர் கையை வீசிக்கொண்டு திரும்பிப் போனாலும் குறையில்லை. "இண்டைக்கு விட்டா இனி வராது" என்ற பேச்சு மட்டும் குழுவில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

வாசகி, வாகரை: வேன் வந்து போட்டுட்டுப் போயிடும். பிறகு வலி வந்தா, அல்லது புள்ள வேணும் எண்டு எடுக்க நினைச்சா, நான் யாரிட்டப் போறது?

பதில்: இதைத்தான் போடுவதற்கு முன் குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டும், பதிலை அட்டையில் எழுதி வாங்க வேண்டும். எடுப்பது போடுவதைவிட எளிது. பயிற்சியுள்ள வைத்தியரோ தாதியோ ஸ்பெக்குலம் வைத்து, நூலைக் கிடுக்கியால் பிடித்து, ஒரே சீராக மெதுவாக இழுத்தால் கைகள் மடங்கி வெளியே வரும். செப்பு லூப் எடுக்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். ஆகவே உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பத்திட்டக் கிளினிக்கிலோ ஆதார வைத்தியசாலையிலோ எடுக்கலாம். எந்த நாளும் எடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நீங்களாக இழுக்க வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் அடிவயிறு இழுத்துப் பிடிப்பது வழக்கம், பனடோல் போதும். காத்திருக்காமல் போக வேண்டியது இவற்றுக்கு: காய்ச்சலோடு அடிவயிற்று வலியும் நாற்றமுள்ள வெள்ளையும் (கிருமித்தொற்று வருவதானால் பெரும்பாலும் முதல் 20 நாளில்தான்), ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்து மயக்கம் வருவது, கர்ப்ப அறிகுறி, நூல் திடீரென்று நீளுவது அல்லது காணாமல் போவது, பிளாஸ்டிக் முனை கையில் தட்டுப்படுவது. நூலைக் காணவில்லை என்றால் ஆணுறை பாவித்துக்கொண்டு ஸ்கேனுக்குப் போங்கள். அங்கே "ஹோர்மோன் லூப்" என்று சொல்லுங்கள். செப்பு லூப் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், இது அவ்வளவு தெளிவாகத் தெரியாது, தேடுகிறவருக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேனில் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரேயில் தெரியும்.

இதே காரணத்துக்காகக் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவேட்டில் வெறுமனே "லூப்" என்று எழுதாதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் உங்கள் பகுதிக்கு மாற்றலாகி வருவார். மாதச்சுகயீனம் வரவில்லை என்று வருகிற பெண்ணைச் செப்பு லூப்காரி என்று நினைத்துக் கலங்குவார். எட்டாம் ஆண்டில் எடுக்க வேண்டியதைப் பத்தாம் ஆண்டு வரை விட்டுவிடுவார். வகை, தயாரிப்பின் பெயர், தொகுதி இலக்கம், போட்ட திகதி, சவுண்ட் அளவு, எடுக்க வேண்டிய மாதமும் ஆண்டும், இவ்வளவும் பெண்ணின் அட்டையிலும் உங்கள் பதிவேட்டிலும் இருக்கட்டும்.

வாசகி, திருக்கோவில்: எனக்கு 38 வயது. செப்பு லூப் போட்டு மூன்று வருடம். மாதாமாதம் அதிகம் படுகிறது, இரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டார்கள். மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: இந்த லூப் அதிகம் பயன்படுவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். செப்பு லூப் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது. ஹோர்மோன் லூப் அதை 80 முதல் 90 வீதம் வரை குறைக்கக்கூடியது. அதிக இரத்தப்போக்குக்கு மருந்தாகவே வைத்தியசாலைகளில் இதைப் போடுகிறார்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். செப்பு லூப்தான் காரணம் என்று முடிவு கட்டுமுன் கட்டி, தைரொயிட் இரண்டையும் பார்க்க வேண்டும். இடையிடையே படுவதும் உடலுறவுக்குப் பின் படுவதும் இருந்தால் கருப்பைக் கழுத்தையும் சோதிக்க வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் எடுக்க வேண்டிய கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையைச் செய்துவிட்டீர்களா? நடமாடும் சேவைக்குப் போவதை விட வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போவதே உங்களுக்குப் பொருத்தம். மாற்றுவதென்றால் மாதச்சுகயீனம் தொடங்கி ஏழு நாளுக்குள் போங்கள். ஒரே இருப்பில் பழையதை எடுத்துப் புதியதைப் போடலாம், இடையில் பாதுகாப்பு அறாது. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள், தேநீரோடு சேர்த்துக் குடிக்காதீர்கள்.

லூப் நெஞ்சுக்கு ஏறுமா, உடம்பு பெருக்குமா என்றெல்லாம் கேட்ட அக்கரைப்பற்று, பொத்துவில், செங்கலடி வாசகிகளுக்குச் சுருக்கமாக: லூப் நெஞ்சுக்கு ஏறாது, கருப்பை மூடிய பை. உடம்பு பெருக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சிலருக்கு முகப்பரு, மார்பு நோவு, தலையிடி வரலாம். பாலியல் தொற்றுகளிலிருந்து இது காப்பாற்றாது, அதற்கு ஆணுறைதான். பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் அவசரத்துக்குப் போடுவதானால் செப்பு லூப்பை ஐந்து நாளுக்குள் போடுவதே வழக்கம், ஹோர்மோன் லூப்பை அதற்கு நம்ப வேண்டாம். இரண்டு பிள்ளைக்குப் பின் எல்.ஆர்.டி. (கருக்குழாயைக் கட்டும் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை) செய்ய யோசிப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்: பாதுகாப்பு ஏறத்தாழ அதே அளவு, மனம் மாறினால் எடுத்துவிடலாம்.

வாசகி, காரைதீவு: நூல் கணவருக்குக் குத்துவதாகச் சொல்கிறார். இன்னும் கட்டையாக வெட்டச் சொல்லவா?

பதில்: பெரும்பாலும் கட்டையாக வெட்டியதால்தான் குத்துகிறது. தூண்டில் நரம்பை அரை அங்குலத்தில் வெட்டினால் முள்ளாக நிற்கும், நீளமாக விட்டால் வளைந்து படியும், அதே கதைதான். 3 சென்ரிமீற்றர் அளவில் விட்ட நூல் சில கிழமையில் மிருதுவாகிக் கருப்பைக் கழுத்தைச் சுற்றிப் படிந்துவிடும். போட்டு இரண்டு மாதம் ஆகவில்லையென்றால் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் குத்தினால் கிளினிக்கில் காட்டுங்கள். முதலில் லூப் கீழிறங்கி அதன் முனைதான் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லையென்றால் நூலைக் கழுத்தின் வாய்க்குள் மறையும்படி வெட்டிவிடலாம். அப்படி வெட்டினால் எடுக்கும் நாளில் நூலைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் சிரமமாயிருக்கும், அதையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.